முட்டை ஏறும் மலை

கல்விக்காக வாழ்வையே அர்ப்பணித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. கல்விச் செம்மல், கல்விக் காவலர், கல்வி வள்ளல், கல்வித் தந்தை. கடைசிப் பட்டம் ரொம்ப விசேஷம். ஜூன் பிறந்தால் பிள்ளையிடமே கட்டணம் வசூலிக்கும் தந்தை நம் ஊரில்தான் உண்டு. ரசீது கேட்டால் அந்தத் தந்தைக்குக் கோபமும் வரும்.

இத்தனை பேர் அர்ப்பணித்த பிறகும் படிக்க வழியில்லாத பிள்ளை எங்காவது மிச்சம் இருக்குமா? இருக்கிறது. விலாசம் எழுதிக்கொள்ளுங்கள். நாமக்கல் மாவட்டம், சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. மேலே கொல்லிமலை. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என்று ஊராட்சிக்கு ஊராட்சி பெயரில் ஒரு நாடு இருக்கும். நம் நாட்டோடு இவற்றைச் சேர்த்துக்கொண்டோமா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

மேலே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய சமூகம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.1 விழுக்காடு. மாநிலப் பழங்குடியினரின் எழுத்தறிவு 54.3. நடுவே பெரிய பள்ளம். 'கல்வியில் முன்னணி மாநிலம்' என்ற பலகையை அந்தப் பள்ளத்தின் விளிம்பில்தான் நட்டிருக்கிறோம். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பை எடுக்கவே இல்லை. எண்ணாத வரைக்கும் எல்லோரும் படித்தவர்கள்தான்.

இவர்களுக்காகப் பேச ஆளில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சட்டமன்றத்தில் 234 தொகுதி. பழங்குடியினருக்கு இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். 232 பேர் பேசி முடித்தபின் நேரம் இருந்தால் இவர்கள் இருவரும் பேசலாம்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுவோம். நாமக்கல் முட்டை மலை ஏறுகிறது. சத்துணவில் வாரத்துக்கு ஐந்து முட்டை. பண்ணையில் புறப்பட்டு, வண்டி ஏறி, 70 வளைவிலும் குலுங்கி, ஓடு உடையாமல் பள்ளிக்கூடம் போய்ச் சேர்கிறது. பள்ளியில் மதிய உணவை 1956-இல் காமராசர் தொடங்கினார். 1982-இல் எம்.ஜி.ஆர். பெரிதாக்கினார். 2022 செப்டம்பரில் ஸ்டாலின் காலை உணவையும் சேர்த்தார். கட்சி பேதம் பார்க்காமல் பாராட்டலாம். பசித்த வயிற்றுக்குள் பாடம் இறங்காது என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

கேள்வி ஒன்றுதான். முட்டை ஏறும் மலையில் வாத்தியார் ஏன் ஏறவில்லை? முட்டை கீழே விழுந்தால் உடையும். வாத்தியார் அப்படியல்ல. முட்டைக்கு மலைப்படி கிடையாது. வாத்தியாருக்கு உண்டு. இருந்தும் காலிப் பணியிடப் பட்டியலைப் பிரித்தால் மலைப் பள்ளிகள் முதல் பந்தியில் உட்கார்ந்திருக்கும்.

வாத்தியாரை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் மலைக்கு மாறுதல் என்பதைத் தண்டனையாக்கி வைத்தது யார்? கீழே ஒருவர் அதிகாரியை எதிர்த்துப் பேசினால் 'மலைக்குத் தூக்கியடிப்பேன்' என்று மிரட்டுகிற அலுவலகம் எது? தண்டனைக் கைதியாக ஒருவரை அனுப்பிவிட்டு, அவர் ஆர்வம் பொங்கப் பாடம் நடத்துவார் என்று எதிர்பார்க்கிறோம். தண்டனை பெற்றவராவது ஏதோ குற்றம் செய்தார் என்று கோப்பில் எழுதியிருக்கும். மலையில் பிறந்த பிள்ளை செய்த குற்றம் என்ன? கோப்பில் பதில் இல்லை.

தண்டனையில் இருந்து தப்பிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் மாற்றுப்பணி. சம்பளப் பட்டியலில் பெயர் மலையில் இருக்கும். ஆள் சமவெளியில் இருப்பார். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் காட்சி தந்த சித்தர்கள் கொல்லிமலைக் குகைகளில் வாழ்ந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். நம்பாதவர்கள் மாற்றுப்பணி உத்தரவுகளைப் படித்துப் பார்க்கலாம்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். தங்கமான சட்டம் இருக்கிறது. 2009-இல் நிறைவேறிய கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர் இருந்தாக வேண்டும். அதற்குக் குறையவே கூடாது. இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 2010 ஏப்ரல் 1. தேதி குறித்துக் கொடுத்தவரின் நகைச்சுவை உணர்வுக்கு ஒரு வணக்கம்.

அந்தச் சட்டத்துக்குப் பதினைந்து வயது ஆனபோது, 2024-25-ஆம் கல்வியாண்டுக்கான மத்திய அரசின் கணக்கு வந்தது. நாடு முழுதும் ஒரே ஒரு ஆசிரியரை வைத்து ஓடும் பள்ளிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றில் படிக்கும் பிள்ளைகள் 33 லட்சத்துக்கும் மேல். அதே கணக்கில் இன்னொரு வரியும் இருந்தது. ஒரு பிள்ளைகூடச் சேராத பள்ளிகள் 7,993. அந்தப் பள்ளிகளில் பணியில் இருக்கும் ஆசிரியர்கள் 20,817.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஆளே இல்லாத பள்ளிக்கூடத்துக்குச் சராசரியாக இரண்டரை வாத்தியார். பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்ற சட்டத்தை இந்தியா ஒரு குறையும் இல்லாமல் நிறைவேற்றிய இடம் இதுதான். பிள்ளைகள் மட்டும் வராமல் இருந்தால் போதும், நம் கல்வித் துறை உலகத் தரம்.

ஓராசிரியர் பள்ளி எப்படி ஓடும் என்று மேடையில் பேசுபவர்களுக்குத் தெரியாது. ஐந்து வகுப்பு, ஒரே ஆள். தலைமையாசிரியரும் அவரே, எழுத்தரும் அவரே, மணியடிப்பவரும் அவரே. வாக்காளர் பட்டியல் வேலையும் அவர் தலையில் விழும். செயலியில் வருகையைப் பதிய, சிக்னல் கிடைக்கும் பாறையைத் தேடிப் போக வேண்டியவரும் அவரே. அவர் கீழே ஒரு கூட்டத்துக்கு இறங்கினால் பள்ளிக்குப் பூட்டு. கூட்டத்தின் தலைப்பு: 'கற்றல் இடைவெளியைக் குறைப்பது எப்படி?'

காலியிடத்தை நிரப்ப அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகும். 2022-இல் 13,331 இடங்களைத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நிரப்பப் போவதாக அறிவித்தார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000. எம்.எஸ்சி., பி.எட். முடித்த ஒருவருக்கு ஒரு நாள் கூலி 400 ரூபாய். கொல்லிமலையில் மிளகு பறிக்கப் போகிறவரிடம் இந்தத் தொகையைச் சொன்னால் அவர் நம்மைப் பார்த்துப் பரிதாபப்படுவார். தேசத்தைச் செதுக்கும் சிற்பி என்று செப்டம்பர் 5 அன்று மாலை போட்டார்களே, அந்தச் சிற்பியின் விலை அது. உளி தனி.

இனி நம் நாயகரைப் பார்ப்போம். கல்விக்காக வாழ்வை அர்ப்பணித்தவர். இவர் தனியாள் கிடையாது. ஒரு வகை. பணி ஓய்வு பெற்ற அதிகாரியாக இருப்பார், அறக்கட்டளைத் தலைவராக இருப்பார், பெருநிறுவனத்தின் சமூகப் பொறுப்புப் பிரிவில் துணைத் தலைவராக இருப்பார். ஆளுக்கு ஆள் சட்டை மாறும். உரை மாறாது. 'கடைக்கோடி மாணவனுக்கும் வாய்ப்பு' என்று தொடங்கி 'நாம் அனைவரும் கைகோர்ப்போம்' என்று முடியும். நடுவில் ஒரு தேநீர் இடைவேளை.

இவர் மலை ஏறுவதற்குக் காலம் உண்டு. ஆடி மாதம். சாரல் அடிக்கும், வல்வில் ஓரி விழா நடக்கும், அமைச்சர் வருவார். ஆகாய கங்கை அருவியில் ஒரு குளியல், அறப்பளீசுவரர் கோயிலில் ஒரு தரிசனம், இடையில் செருகினாற்போல் ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்துவார்கள். நோட்டுப் புத்தகம் தருவார். வாங்குகிற பிள்ளை புத்தகத்தைப் பார்க்கக் கூடாது, கேமராவைப் பார்க்க வேண்டும். ஒரே நோட்டை நான்கு கோணத்தில் வாங்கிக் காட்டிய பிள்ளைக்கு, நோட்டில் எழுதக் கற்றுத்தர ஆளில்லை. அதனால் என்ன? நடிப்புப் பயிற்சி இலவசம்.

ஸ்மார்ட் போர்டும் மலை ஏறும். கரண்ட் இருக்கும் நாளில் நெட் இருக்காது. இரண்டும் இருக்கும் நாளில் அறையின் சாவி கீழே போயிருக்கும். போர்டுக்குப் பக்கத்தில் நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்வெட்டு மட்டும் எந்நாளும் இயங்கும். அதற்குக் கரண்ட் தேவையில்லை.

கொல்லிமலையை ஆண்ட ஓரி ஒரே அம்பில் யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் கடைசியில் உடும்பையும் துளைத்தான் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அந்த வில்வித்தை அழிந்துவிட்டது என்று யார் சொன்னது? நம் நாயகர் விடும் அம்பும் ஐந்தைத் துளைக்கும். 2013 கம்பெனிகள் சட்டம், லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகத்துக்குச் செலவிடு என்று பெரிய நிறுவனங்களுக்குச் சொல்கிறது. அந்த நிதி யானை. வரிச் சலுகை புலி. நாளிதழில் படம் மான். விருது பன்றி. கடைசியில் ஏதாவது ஓர் ஆலோசனைக் குழுவில் உறுப்பினர் பதவி கிடைக்கும். அது உடும்புப் பிடி. ஆட்சி மாறினாலும் விடாது.

ஓரியாவது வேட்டையாடியதைப் பாணர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தான். அதனால் வள்ளல் என்று பெயர் வாங்கினான். இவர்கள் பெயரை முதலில் வாங்கிவிட்டார்கள்.

கல்விக்காக வாழ்வையே அர்ப்பணித்தார் என்கிறார்களே, சரி. யாருடைய வாழ்வை?

மத்திய அரசும் சளைத்ததில்லை. பழங்குடிப் பிள்ளைகளுக்காகவே மாதிரி உறைவிடப் பள்ளிகள் நடத்துகிறது. 1997-98-இல் தொடங்கிய திட்டம். கொல்லிமலை செங்கரையிலும் ஒன்று உண்டு. திட்டத்துக்கு வைத்த பெயர் ஏகலைவன். பெயர் சூட்டியவர் மகாபாரதத்தைப் படித்துவிட்டு வைத்தாரா, படிக்காமல் வைத்தாரா தெரியாது. படித்துவிட்டு வைத்திருந்தால் அவரைவிட நேர்மையான அதிகாரி இந்திய அரசில் இல்லை. ஏகலைவன் யார்? குரு சேர்த்துக்கொள்ள மறுத்த வேட்டுவச் சிறுவன். ஆசிரியர் இல்லாமல் பொம்மையைப் பார்த்துப் படித்தவன். படித்துத் தேறியதும் கட்டைவிரலைக் கட்டணமாகக் கொடுத்தவன். ஒரு கொள்கை ஆவணத்தை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது.

2023-இல் இந்தப் பள்ளிகளுக்கு ஆசிரியர் எடுக்கும் வேலையை டெல்லி மொத்தமாகக் கையில் எடுத்தது. தேர்வில் இந்தி அறிவுக்கும் மதிப்பெண் வைத்தார்கள். வடக்கே இருந்து தேர்வானவர்கள் தெலங்கானா போன்ற இடங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். வந்தவருக்கு ஊர் மொழி தெரியாது. இருந்த பிள்ளைக்கு வந்தவர் மொழி தெரியாது. மாறுதல் கேட்டு மனுக்கள் பறந்தன. தாய்மொழியில் கல்வி என்று 2020 கொள்கையில் எழுதியதும் இதே டெல்லிதான். எந்தத் தாய் என்று அப்போது கேட்காமல் விட்டது நம் தப்பு.

கட்டைவிரல் கதையும் முடியவில்லை. துரோணர் ஒரே ஒருமுறை கேட்டார். இன்றைய அரசு ஆதாருக்குக் கேட்கும், ரேஷனுக்குக் கேட்கும், உதவித்தொகைக்குக் கேட்கும். மலைவேலையில் ரேகை தேய்ந்துபோன தாயின் விரலை இயந்திரம் ஏற்காது. விரல் இருந்தும் இல்லாத கணக்கு. துரோணருக்குக்கூட இப்படி ஒரு யோசனை தோன்றவில்லை.

முட்டையையும் நோட்டையும் தாண்டி ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முடிக்கிறார்கள். அந்தப் பிடிவாதம் அவர்களுடையது, அதில் நமக்குப் பங்கில்லை. அடுத்து சாதிச் சான்றிதழ். மற்ற சமூகங்களுக்குக் கீழ்நிலை அலுவலகத்திலேயே கிடைத்துவிடும். பழங்குடியினருக்கு 1989 நவம்பர் முதல் கோட்டாட்சியர் தர வேண்டும். விசாரணை, அறிக்கை, மறு விசாரணை. பாட்டன், பூட்டன் எல்லாம் மலையில் பிறந்து மலையில் புதைந்தவர்கள். மலைவாசி என்று நிரூபிக்கப் பேரன் மலையை விட்டு இறங்க வேண்டும்.

போலிகளைத் தடுக்கத்தான் இந்தக் கட்டுப்பாடு என்பார்கள். நியாயம். போலி கார் வைத்திருக்கிறான், வழக்கறிஞர் வைத்திருக்கிறான், சான்றிதழோடு வேலைக்குப் போய் ஓய்வூதியமும் வாங்கிவிட்டான். விசாரணை இன்னும் அசல் ஆளிடம்தான் நடக்கிறது. அதிலும் ஒரு வேடிக்கை. இதே மலையாளி மக்கள் ஈரோடு மாவட்டத்தில் பர்கூர் மலையில் இருந்தால் பழங்குடி கிடையாது. பட்டியலில் அந்த மாவட்டத்தின் பெயர் இல்லையாம். ஒரே மக்கள், ஒரே பேச்சு, ஒரே சாமி. மாவட்ட எல்லைக் கல் அவர்கள் இனத்தைத் தீர்மானிக்கிறது. இத்தனை பாடுபட்டு வாங்குவது எதற்காக? 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் பழங்குடியினரின் பங்கு ஒரே ஒரு விழுக்காடு. அந்த ஒன்றைக் கொடுப்பதற்குத்தான் இத்தனை பூட்டு.

மலை விளிம்பில் நின்று கீழே பாருங்கள். நாமக்கல் மாவட்டம் தெரியும். கோழிப்பண்ணைக்கும் விடுதியோடு கூடிய தனியார் பள்ளிக்கும் பேர்போன மாவட்டம். இரண்டையும் சேர்த்து 'பிராய்லர் பள்ளி' என்று பெயர் வைத்தது ஊர். பதினொன்றாம் வகுப்பைக் காகிதத்தில் முடித்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் உருப்போட வைக்கும் வித்தை இங்கேதான் கொழுத்தது. அதைத் தடுக்க 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டு அந்தத் தேர்வை எடுத்தார்கள். வைத்ததும் மாணவர் நலன் கருதி. எடுத்ததும் மாணவர் நலன் கருதி. நடுவில் எழுதிய மாணவர்களின் நலன் யார் கருதுவது என்று தெரியவில்லை.

2019 அக்டோபரில் நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நீட் பயிற்சிக் குழுமத்தில் வருமான வரித்துறை சோதனை நடந்தது. சுமார் 30 கோடி ரூபாய் ரொக்கம் சிக்கியதாகத் துறை அறிவித்தது. அதில் பெரும்பகுதி இருந்த இடம், பள்ளி வளாகத்துக் கலையரங்கின் பெட்டகங்கள். கணக்கில் வராத வருமானம் 150 கோடிக்கு மேல் இருக்கும் என்றும் மதிப்பிட்டார்கள். கலையரங்கு! கல்வி அழியாச் செல்வம் என்று எத்தனை சிறப்பு விருந்தினர்கள் அங்கே முழங்கியிருப்பார்கள்? அழியும் செல்வம் அடுத்த சுவரில் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

ஒரே மாவட்டம். ஒரே ஆட்சியர். கீழே மருத்துவக் கல்லூரி இடத்துக்காக விடியற்காலையில் எழுப்பி உட்காரவைக்கப்படும் பிள்ளை. மேலே இன்று வாத்தியார் வருவாரா என்று சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை. இருவருக்கும் ஒரே நீட். இதற்கு 'சம வாய்ப்பு' என்று பெயர். 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. வந்திராவிட்டால் அந்தச் சமத்துவம் இன்னும் முழுமையாக இருந்திருக்கும்.

பணம் இல்லை என்பார்கள். இந்தப் பொய்யைத்தான் பொறுக்க முடியவில்லை. தேசிய வருமானத்தில் 6 விழுக்காடு கல்விக்கு வேண்டும் என்று கோத்தாரி ஆணையம் 1966-இல் சொன்னது. 1968 கல்விக் கொள்கை ஆமாம் என்றது. 1986 கொள்கை ஆமாம் என்றது. 2020 கொள்கையும் ஆமாம் என்றது. அரைநூற்றாண்டாகத் தலையாட்டுகிறார்கள். கைதான் பைக்குள் போகவில்லை.

நம் பைக்குள் மட்டும் போனது. 2004 முதல் வரிக்கு மேல் வரியாகக் கல்வி மேல்வரி கட்டுகிறோம். இரண்டு விழுக்காட்டில் ஆரம்பித்தது. 2007-இல் உயர்நிலைக் கல்விக்கு என்று இன்னொன்று சேர்ந்தது. 2018 முதல் ஆரோக்கியத்தையும் சேர்த்துக் கட்டி நான்கு விழுக்காடு. உயர்நிலைக் கல்விக்கு என்று 2017-18 வரை வசூலித்த 94,036 கோடி ரூபாய், அதற்குரிய தனி நிதிக்குப் போய்ச் சேரவில்லை என்று மத்திய தணிக்கைத் துறையே எழுதியது. கொல்லிமலையில் ஒரு தாய் வாங்கும் சோப்புக்கட்டி விலையிலும் அந்த மேல்வரி ஒளிந்திருந்த காலம் உண்டு. தன் பிள்ளைக்கு வாத்தியார் வேண்டும் என்று அவள் முன்பணம் கட்டிவிட்டாள். சரக்கு வரவில்லை. நுகர்வோர் நீதிமன்றம் எங்கே இருக்கிறது?

இப்போது பணத்துக்குச் சண்டை வேறு. தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதியில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடியை டெல்லி நிறுத்தி வைத்தது. வரி கட்டியவன் பிள்ளையின் பணத்தை வைத்துக்கொண்டு பேரம் பேசுவது ஆட்சி அல்ல, கந்துவட்டி. அதற்காகச் சென்னை தப்பித்துக்கொள்ளவும் முடியாது. அந்த நிதி ஒழுங்காக வந்துகொண்டிருந்த வருடங்களிலும் மலையில் காலியிடம் காலியாகத்தான் இருந்தது. டெல்லி தராததால் இல்லை என்பது ஒரு வருடத்துக் காரணம். அறுபது வருடத்துக் காரணம் என்ன?

அர்ப்பணிப்பு என்றால் என்ன என்று இந்த மலைக்குத் தெரியும். ஒருமுறை பார்த்திருக்கிறது. 1913-இல் திருமணமான கையோடு ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதி கொல்லிமலைக்கு வந்தார்கள். மதம் பரப்ப வந்தார்கள், அதை மறைக்கவும் இல்லை. பள்ளி நடத்தினார்கள், மருந்து கொடுத்தார்கள், தச்சும் நெசவும் கற்றுக்கொடுத்தார்கள். 1929-இல் கணவர் ஜெஸ்ஸியை மலைக்காய்ச்சல் கொண்டுபோனது. எவ்லினுக்கு எழுபதை நெருங்கும் வயதில், மலைக்குத் திரும்ப மிஷன் அனுமதி தரவில்லை. ஓய்வு பெற்றுக்கொண்டு அவரே ஏறிவிட்டார். 70 வளைவு கிடையாது, கார் கிடையாது. மட்டக்குதிரை. விழுந்து இடுப்பு உடைந்த பிறகு இரண்டு மூங்கில் கழிகள். 1974-இல் 95 வயதில் இறக்கும்வரை இந்த மலைகளில்தான் சுற்றினார். தொழுநோயாளிகளின் கைகளுக்கு உயிர் கொடுத்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், இவர்கள் மகன். சிறுவயதில் வளர்ந்தது இதே மலையில்.

எவ்லினைப் பற்றி மகன் எழுதிய ஒரு செய்தி போதும். கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை. நம் நாயகர்கள் கைப்பேசியின் முன்பக்கக் கேமரா இல்லாமல் ஒரு வளைவுகூட ஏறமாட்டார்கள்.

வெள்ளைக்காரியைப் புகழ்கிறாயே என்று கோபம் வரும். எனக்கும்தான் வருகிறது. நூறு வருடம் முன்னால் வெளியூர்க்காரி குதிரையில் ஏறிய மலைக்கு, நம் வரிப்பணத்தில் நம் சாலை போட்டு நம் பேருந்து விட்ட பிறகும் நம் வாத்தியாரை அனுப்ப முடியவில்லை என்றால், கோபப்பட வேண்டிய இடம் அவர் கல்லறை இல்லை. தலைமைச் செயலகம்.

மேலே தங்கிப் பாடம் நடத்துகிற ஆசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள். வாடகைக்கு அறை எடுத்து, மழையில் சாலை சரிந்தால் நடந்து போய், தன் சம்பளத்தில் பிள்ளைக்குச் செருப்பு வாங்கிக் கொடுக்கிறவர்கள். அவர்களுக்குப் பட்டம் கிடையாது. மேடைக்கு அழைத்தாலும் வரமாட்டார்கள். வந்தால் அன்றைக்குப் பள்ளிக்குப் பூட்டு.

2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. அரசுப் பணத்தில் சம்பளம் வாங்கும் அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்றது. நாடே கைதட்டியது. உத்தரப் பிரதேச அரசு மின்னல் வேகத்தில் நடவடிக்கை எடுத்தது. வழக்குப் போட்ட ஆசிரியரை வேலையை விட்டு நீக்கியது. தீர்ப்பு அப்படியே பத்திரமாக இருக்கிறது. ஒரு மடிப்பும் கலையவில்லை.

ஆகவே பெரிதாக எதுவும் கேட்கப் போவதில்லை. புதுத் திட்டம் வேண்டாம். புதுப் பெயர் வேண்டாம். பள்ளிக்கு இரண்டு ஆசிரியரைப் போடுங்கள். அது உங்கள் சட்டம்தான். மாற்றுப்பணியில் கீழே இருப்பவரை மேலே அனுப்புங்கள், மேலே தங்க அவருக்கு ஒரு வீடு கட்டிக் கொடுங்கள். சான்றிதழைப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்து கொடுங்கள். பள்ளி தொடங்கும் நேரத்துக்கும் முடியும் நேரத்துக்கும் ஒரு பேருந்து விடுங்கள். இதில் ஒன்றுக்கும் மாநாடு தேவையில்லை, மைக் தேவையில்லை, நாயகர் தேவையில்லை.

அங்கேதான் சிக்கல் என்பது நமக்குப் புரிகிறது. இவையெல்லாம் நடந்துவிட்டால் கடைக்கோடி மாணவன் என்று ஒருவன் இருக்கமாட்டான். அவன் இல்லாவிட்டால் உரை இல்லை, நிதி இல்லை, விருது இல்லை. ஓராயிரம் அர்ப்பணிப்பாளர்கள் ஒரே நாளில் வேலை இழப்பார்கள். அவர்கள் பிழைப்பு கெடக்கூடாது என்பதற்காக, அகரம் எழுதத் தெரியாமல் ஐந்தாம் வகுப்பு முடித்து, மலைவாழ் பிள்ளை இத்தனை வருடமாகத் தியாகம் செய்துவருகிறது. இந்த மாநிலத்தில் கல்விக்காக வாழ்வையே கொடுத்தது அந்தப் பிள்ளை ஒன்றுதான். பட்டத்தை அதற்குக் கொடுத்துவிட்டு மேடையை விட்டு இறங்குங்கள்.